நாற்பத்தைந்து துண்டுகள்

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் வெட்ட உட்கார வேண்டும், இல்லாவிட்டால் துண்டுகள் பறந்துவிடும். அதனால் சித்திரை மாதத்து மத்தியானம் இரண்டு மணிக்கு நவமணி ஜன்னலையும் சாத்திக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கழுத்து வியர்வை முதுகில் இறங்குவதைக் கவனித்தும் கவனிக்காமலும், ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் குரோமோசோம்களைச் சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். முன்னால் கிடந்தது ஒரே ஒரு செல்லின் புகைப்படம், தபால் அட்டை அளவுக்குப் பெரிதாக்கியது, கறுப்பும் வெள்ளையுமாக வரி விழுந்த குட்டை நெட்டைப் புழுக்களைச் சிதறவிட்ட மாதிரி. எல்லாவற்றையும் வெட்டி, நீளம் பார்த்து, வரி பார்த்து, இதற்கு இது ஜோடி என்று கண்டுபிடித்து அட்டையில் ஒட்ட வேண்டும். இருபத்து மூன்று ஜோடி, நாற்பத்தாறு. பத்தொன்பது வருஷமாகச் சென்னையில் இந்த மாடி அறையில் அவளுக்கு இதுதான் வேலை. ஐ.சி.எஃப்.பில் ரயில்பெட்டிக்கு வர்ணம் அடிக்கும் பிரிவில் இருக்கிற அவள் கணவன் தனசிங், இன்றைக்கு எத்தனை பேரை நறுக்கினாய் என்று சாயங்காலம் கேட்பான், அவளும் ஒன்று, இரண்டு என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போவாள். நறுக்குவது என்றுதான் அவளுக்கும் தோன்றும். படிக்கிற காலத்தில் பாளையங்கோட்டையில் உட்கருவை வரையச் சொன்னால் ஒரு வட்டம் போட்டு உள்ளே புள்ளி வைத்துவிட்டு வந்துவிடுவாள், அதற்கும் மார்க் போட்டார்கள். உண்மையில் அதற்குமேல் தெரியவும் தெரியாது, சும்மா இருக்கிற உட்கரு மூடி போட்ட பாத்திரம், சாயம் ஏற்றினால் ஊதா நிறத்தில் உருண்டையாகத் தெரியும், அவ்வளவுதான். செல் இரண்டாகப் பிரியப் போகிறபோதுதான் அந்த உறை கரைந்து உள்ளே இருப்பதெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து மருந்தை ஊற்றி, பிரியவும் விடாமல் மூடவும் விடாமல் அப்படியே நிறுத்தி, கண்ணாடிச் சில்லில் சொட்டுவிட்டுக் காயவைக்கிறார்கள். பாவம் என்று முதல் வருஷம் நினைத்தாள். பிறகு நினைக்கவில்லை.

கதவுக்கு வெளியே பெஞ்சில் அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். செய்யாறு பக்கம் ஏதோ ஊர், காலை முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வாருங்கள், முடிவு தெரிந்துவிடும் என்று சொல்லியிருந்தது டாக்டர் வைதேகி, ஆனால் டாக்டர் டெல்லிக்கு மாநாட்டுக்குப் போய்விட்டார், திங்கள்கிழமைதான் வருவார். நவமணி அதைச் சொன்னபோது அந்த அம்மாள், பூங்காவனம் என்று பெயர், சரிம்மா, ஆறு மணி பஸ்ஸு வரைக்கும் இங்கியே குந்திக்கினு இருக்கறோம் என்றாளே தவிர எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கும்படி சொல்ல நவமணிக்கும் வாய் வரவில்லை, ஏனென்றால் தாமதம் தன்னுடையது. போன வாரம் இந்தப் பெண்ணின் ஸ்லைடை எடுத்து வைத்தபோது கரண்ட் போய்விட்டது, ஒரே ஒரு செல்லை எண்ணி, படம் எடுத்து, தாளில் குறிக்கத்தான் முடிந்தது. முப்பது செல் எண்ண வேண்டும். ஒன்றுக்கு மட்டும் தாளில் அவள் கையெழுத்தில் 46 என்று இருக்கிறது. அந்த ஒன்றைத்தான் இப்போது வெட்டுகிறாள். முதலாவது ஜோடி, பெரியது, இரண்டு பேரும் இருக்கிறார்கள். இரண்டாவது, மூன்றாவது. இந்த மூன்றாவது எப்போதும் ஒரு பக்கம் வளைந்தே இருக்கும், படுத்துத் தூங்குகிறவன் கால் மாதிரி. கோந்து விரலில் காய்ந்து தோலை இழுக்கிறது. பக்கத்து அறையில் யாரோ சாப்பாட்டு டப்பா திறந்திருக்கிறார்கள், எலுமிச்சை ஊறுகாய் வாசனை. பதின்மூன்று, பதினான்கு. குட்டையான இருபத்தொன்று, இருபத்திரண்டு. கடைசியில் எக்ஸ், பெண்ணென்றால் இரண்டு. ஒரு எக்ஸை வைத்தாள். இன்னொன்றுக்காகக் கையை நீட்டினாள், மேஜையில் ஒன்றும் இல்லை.

எங்கேயோ விழுந்திருக்கிறது. முதலில் வந்த நினைப்பு அதுதான், நியாயமான நினைப்புதான், இப்படி விழுவதும் புதிதல்ல. வியர்த்த முழங்கையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் போன துண்டுகூட உண்டு. முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். புடவை மடிப்பை உதறினாள். வெட்டின மிச்சக் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தாள், அட்டையைத் தூக்கிப் பார்த்தாள், ஒட்டியதை எல்லாம் மறுபடி எண்ணினாள். நாற்பத்தைந்து. தாளில் 46 இருக்கிறது, தன் கையெழுத்துத்தான், சந்தேகமில்லை. அப்படியானால் விழுந்துதான் இருக்க வேண்டும். அல்லது. அந்த அல்லதுவை அங்கேயே நிறுத்திவிட்டாள். ஆனால் நிறுத்தின இடத்தில் வேறொன்று கிளம்பியது, எப்போதும் கிளம்புகிறதுதான், ஒன்பது வருஷத்துக்கு முந்தைய அந்த இரண்டு பெண்கள். ஒரே நாளில் வந்தார்கள், இரண்டு பேருக்கும் கரு தங்கவில்லை, மூன்று நான்கு முறை கலைந்துவிட்டது. ஒருத்திக்குக் குரோமோசோமில் கோளாறு, ஒருத்திக்கு ஒன்றுமில்லை. நவமணி ஸ்லைடில் எண் எழுதும்போது மாற்றி எழுதிவிட்டாள். கோளாறு இல்லாதவளுக்கு உன்னிடம்தான் குறை என்று அறிக்கை போனது. பத்து நாள் கழித்து மறுபடி பார்க்கும்போதுதான் தெரிந்தது, அப்போதிருந்த டாக்டரிடம் அவளே போய்ச் சொன்னாள், இரண்டு பேருக்கும் கடிதம் போட்டார்கள். ஒருத்தி வந்தாள். கோளாறு இல்லாத அந்த இன்னொருத்திக்குப் போட்டது, விலாசதாரர் இல்லை என்று திரும்பி வந்தது. எங்கே போனாள், புருஷன் வீட்டில் இருந்தாளா, அனுப்பிவிட்டார்களா, தெரியாது. ஒருநாள் பஸ்ஸில் முன்சீட்டில் ஒரு பின்னங்கழுத்தைப் பார்த்து அவளாக இருக்குமோ என்று மூன்று நிறுத்தம் தாண்டிப் போயிருக்கிறாள். முகம் திரும்பியது, அவள் இல்லை. அவளாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்பதையும் யோசித்து வைத்திருக்கவில்லை.

மண்டி போட்டுத் தரையைத் தேடிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. பூங்காவனம் தண்ணீர் கேட்க வந்தவள், டாக்டரம்மா இன்னாத்த தேடறீங்க, ஊசியா என்றாள். தான் டாக்டர் இல்லை என்று காலையிலிருந்து இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. ஒரு காகிதத் துண்டு, நகம் அளவுதான், வரி வரியாக இருக்கும் என்றாள் நவமணி, யாருடையது என்று சொல்லவில்லை. பூங்காவனம் மறுபேச்சில்லாமல் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, புடவையை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். களை எடுக்கிறவர்கள் நகர்கிற மாதிரி உட்கார்ந்தபடியே நகர்ந்து, மேஜைக்கால், பீரோவின் அடி, சுவர் ஓரம் எல்லாம் உள்ளங்கையால் தடவி, கிடைத்ததை எல்லாம் எடுத்து நீட்டினாள். ஒரு குத்தூசி. எரிந்த தீக்குச்சி. வெட்டின ஓரக் காகிதங்கள், இதுவா பாருங்க, இதுவா பாருங்க. நவமணிக்கு அவளை எழுப்பி அனுப்ப வேண்டும் என்று தோன்றியது, ஆனால் அனுப்பவில்லை, அவள் கண் கூர்மை, கிடைத்தாலும் கிடைக்கும். தன் மகளுக்குள் இருக்கவேண்டியதைத்தான் தேடுகிறோம் என்று தெரியாமல் ஒரு தாய் தரையைத் தடவுவதை நவமணி பக்கத்தில் மண்டியிட்டபடி பார்த்தாள். துக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, அந்தக் கையின் சுத்தமான வேகம்தான் கண்ணில் நின்றது. தேடிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமலே, பூங்காவனம் பேச ஆரம்பித்தாள். பீரோவுக்கு அடியில் சொல்வதுபோலச் சொன்னாள். பெண்ணுக்குப் பதினாலு முடிந்தும் ஒன்றும் ஆகவில்லை. கூடப் படித்ததெல்லாம் உட்கார்ந்துவிட்டன. அண்ணிக்காரி ஜாடையாகக் கேட்டாள், ரேஷன் கடையில் கேட்டார்கள், தலைக்கு ஊற்றிக்கொள்ளும் இடத்தில் கேட்டார்கள். ஒருநாள் விடிகாலையில் தானே போய்ப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டாள், பெண் வயசுக்கு வந்துவிட்டது என்று. பச்சை ஓலை கட்டி, பந்தல் போட்டு, மஞ்சத்தண்ணி ஊற்றி, நாலு ஊருக்குச் சோறு போட்டாள். தாய்மாமன், இவளுடைய கடைசித் தம்பி, பதினோரு தட்டு வரிசை கொண்டுவந்தான். அவனுக்குத்தான் வருகிற ஆவணியில் கொடுப்பதாகப் பேச்சு. அவனுக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது, தனக்கும் மகளுக்கும் தவிர. கையைத் தரையிலேயே வைத்துக்கொண்டு, "இது டெஸ்ட்டு பேப்பர்ல வருமாம்மா?" என்றாள். வரும் என்று நவமணி சொல்லவில்லை, டாக்டர்தான் சொல்லுவார் என்றாள். "ரத்தம் கம்மியாக்கீது, டானிக் குட்ச்சா சரியாப் பூடும்னு எதுனா எயுதிக் குடுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்." அறிக்கை எழுதுவது தன் வேலை இல்லை, எண்ணுவது மட்டும்தான் என்று நவமணி சொன்னாள். அது உண்மைதான், ஆனால் சொல்லும்போது உண்மை மாதிரி இல்லை. பூங்காவனம் எழுந்து, பொறுக்கினதை எல்லாம் மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, குடத்தில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுப் போனாள்.

இனித் தரையில் தேடிப் பிரயோஜனமில்லை. தேட வேண்டிய இடம் அலமாரியில் மரப்பெட்டியில் இருக்கிறது, அது அவளுக்கு முதலிலேயே தெரியும், தெரிந்துகொண்டே அரைமணி நேரம் தரையில் இருந்திருக்கிறாள். ஸ்லைடை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, எண்ணெய் விட்டு, குறித்துவைத்த இடத்துக்கு நகர்த்தினாள். ஊதா உருண்டைகள், மூடின உட்கருக்கள், நூற்றுக்கணக்கில், எதுவும் சொல்லாதவை, அவற்றைத் தாண்டித் தாண்டிப் போனால் ஒரு இடத்தில் அந்தச் செல், படத்தில் இருந்தபடியே, விரித்துப் போட்டபடி. எண்ணினாள். நாற்பத்தைந்து, அப்புறம் ஓரத்தில் ஒன்று. அப்பாடா என்று மூச்சு விட்டாள். விட்ட மூச்சு திரும்ப வருவதற்குள் விரல் தானாகத் திருகைச் சற்றே திருப்பியது. மற்றதெல்லாம் மங்கலாகப் போனபோது ஓரத்தில் இருந்தது மட்டும் இன்னும் கறுப்பாகத் தெளிந்தது. மற்றவற்றோடு அது படுத்திருக்கவில்லை, மேலே உட்கார்ந்திருந்தது. சாயத்தின் துகள், வடிகட்டாத சாயத்தில் வருமே, அது. படத்தில் மங்கலாக விழுந்திருந்ததால் இன்றைக்கு அதை அவள் வெட்டவில்லை, கை சரியாகத்தான் செய்திருக்கிறது, போன வாரத்துக் கண்தான் கரண்ட் போவதற்குள் முடிக்க வேண்டுமென்று துகளையும் சேர்த்து எண்ணிவிட்டது. எதுவும் கீழே விழவில்லை. 46ஐ அடித்து 45 என்று எழுதி, எண்ணியவர் என்ற கட்டத்தில் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டாள். இரண்டாவது செல், நாற்பத்தைந்து. மூன்றாவது, நாற்பத்தைந்து. நான்காவதில் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று கிடந்து நாற்பத்து நான்குபோல ஏமாற்றியது, பிரித்துப் பார்த்தால் நாற்பத்தைந்து. எண்ண எண்ண நாற்பத்தாறு வரட்டுமே என்கிற ஆசை ஒவ்வொரு செல்லின் கடைசியிலும் எட்டிப் பார்த்தது, ஆசை எண்ணிக்கையைக் கெடுக்கும் என்று தெரியும், கெடுத்ததைத்தான் இப்போது அடித்து எழுதினாள். இந்த உடம்பு எப்படித்தான் தப்பில்லாமல் நடக்கிறது என்று யோசனை போயிற்று. தான் இங்கே உட்கார்ந்திருக்கிற நேரத்தில் தனக்குள் எத்தனை லட்சம் பிரிந்து, எத்தனை லட்சம் ஜோடி சரியாகப் பங்காகி, அங்கே யார் எண்ணுகிறார்கள். எங்கோ ஆரம்பத்தில், இந்தப் பெண் பெண்ணாவதற்கும் முன்னால், ஒரு முறை ஒன்று வழியில் தவறிவிட்டது. யார் தப்புமில்லை. அதை வைத்துக்கொண்டே மற்றதெல்லாம் பிரிந்து பிரிந்து வளர்ந்து, பள்ளிக்கூடம் போய், இப்போது வெளியே பெஞ்சில் கால் ஆட்டிக்கொண்டிருக்கிறது. பதினாறாவது, நாற்பத்தைந்து.

"என்னோட ரத்தத்தைத்தான் பாக்கறீங்களா டீச்சர்?" பெண்தான், அமுதவல்லி, கதவுக்கு உள்ளே நின்றிருந்தாள். அம்மா தூங்கிவிட்டாள் என்றாள். பதினேழு வயதுக்குப் பன்னிரண்டு வயசுக்காரி உயரம், அகலமான கழுத்து, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை. டாக்டர் முதல் நாளே அந்தக் கழுத்தைப் பார்த்துவிட்டு நவமணியைப் பார்த்தார், ஒரு எக்ஸ் குறைந்தவர்களுக்குக் கழுத்து அப்படி இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நவமணி ஆமாம் என்று மட்டும் சொன்னாள். பிளஸ் ஒன் சயின்ஸ் குரூப் முடித்திருக்கிறாள், செல் பகுப்பு எல்லாக் கட்டமும் கலர் பென்சிலில் வரைந்திருக்கிறாள், ஆனால் கண்ணால் பார்த்ததில்லை, பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள், ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டாள். பார்க்கக்கூடாது. நோயாளிக்கு எதையும் காட்டக்கூடாது, சொல்லக்கூடாது, அது டாக்டரின் வேலை, பத்தொன்பது வருஷத்தில் ஒருமுறைகூடக் காட்டியதில்லை. வேறு யாருடையதாவது ஸ்லைடை வைத்துக் காட்டிவிடலாம், பெட்டியில் பத்து இருக்கின்றன, எல்லாம் நாற்பத்தாறு. கை பெட்டிப் பக்கம் போகவும் போயிற்று. அடுத்தவளுடையதைக் காட்டி உன்னுடையது என்பதா, அதைத்தானே ஒருமுறை தெரியாமல் செய்தோம், தெரிந்தே செய்வதா என்று அந்தக் கை பாதியில் நின்றது. எழுந்து ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினாள். பதினேழாவது செல் அப்போதுதான் கண்ணாடிக்கு அடியில் வந்திருந்தது, நன்றாக விரிந்த செல், ஒன்றின்மேல் ஒன்று படாமல்.

ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தால் கால் தரையில் எட்டவில்லை. ஒரு கண்ணை மூடாதே, இரண்டையும் திறந்து பார் என்றாள் நவமணி. பெண் குனிந்து கண்ணை வைத்தாள். பிறகு, இது மெட்டாஃபேஸ் கட்டம்தானே, ஆனால் புஸ்தகத்தில் நடுவில் வரிசையாக நிற்குமே, இதில் கண்டபடி கிடக்கிறதே என்றாள் அமுதவல்லி. வரிசையாகப் பிடித்து நிறுத்துகிற நூலை மருந்து அறுத்துவிடும், அதனால்தான் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது என்று நவமணி சொன்னாள், கேள்வி நல்ல கேள்வியாக இருந்ததில் ஒரு சந்தோஷம் வந்து போயிற்று. அதற்குள் பெண்ணின் விரல் மேஜைமேல் தட்ட ஆரம்பித்துவிட்டது. எண்ணுகிறாள். நிறுத்தலாம், மணி ஆகிவிட்டது என்று சொல்லலாம், கையால் ஸ்லைடைத் தட்டிவிடலாம். நவமணி ஜன்னலருகே போய் நின்றாள். கீழே மரத்தடியில் இளநீர்க்காரன் சீவின மட்டைகளை ஒரு மாடு முகர்ந்து பார்த்துவிட்டு விட்டது. விரல் தட்டுவது நின்றது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது, மெதுவாக. மறுபடி நின்றது. "நாப்பத்தஞ்சுதான் இருக்கு" என்றாள். கண்ணை எடுக்கவில்லை. "ஒண்ணு விழுந்திருக்குமா டீச்சர்?" விழுந்திருக்கும் என்று ஒரு வார்த்தை, அது தயாராக நாக்கு நுனியில் இருந்தது, தானே அரைமணி நேரம் நம்பின வார்த்தை. திங்கள்கிழமை டாக்டர் சொல்லிக்கொள்வார். திங்கள்கிழமை வரைக்கும் இந்தப் பெண் நாற்பத்தாறாக இருந்துவிட்டுப் போகட்டும். "இல்லம்மா. உனக்கு அவ்வளவுதான். பதினேழு செல்லுலயும் அவ்வளவுதான்." சொல்லிவிட்டுத் தன் குரலைத் தானே கேட்டாள், விலை சொல்வதுபோல இருந்தது. எது இல்லை என்று பெண் கேட்டாள். எக்ஸ், இரண்டு இருக்க வேண்டும், ஒன்று இருக்கிறது. அப்படியானால் டானிக் குடித்து வராது என்றாள் அமுதவல்லி, கேள்வியாக இல்லை. மாத்திரை இருக்கிறது, மாதாமாதம் வரவைக்கலாம், இதயமும் ஒரு தடவை பார்க்கச் சொல்வார்கள், மற்றதை டாக்டர் சொல்வார். மற்றது என்ன, பிள்ளை பிறக்குமா என்று அவள் கேட்கவில்லை, கேட்டால் என்ன சொல்வது என்று நவமணி பயந்துகொண்டே நின்றாள், அவள் கேட்கவேயில்லை, தெரிந்துகொண்டுவிட்டாள் போலிருந்தது.

இறங்காமல் அங்கேயே உட்கார்ந்து, பின்னலின் நுனியைச் சுற்றிக்கொண்டு, மஞ்சத்தண்ணிப் பலகையில் உட்கார்ந்ததை அமுதவல்லி சொன்னாள். எல்லோரும் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், எல்லோரும் சிரித்தார்கள், யாராவது ஒருத்தர் எழுந்து பொய் என்று சொல்லிவிடுவார்கள் என்று ஒவ்வொரு சொம்புக்கும் பயந்தாள். மாமா நல்லவர், அவர்தான் வரிசைத் தட்டை வைக்கும்போது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, கூச்சம்தான், ஆனால் தெரிந்துபோய்த்தான் பார்க்கவில்லை என்று ஒரு மாதம் தூங்கவில்லை. "பொய்யச் சொல்லிக் கட்டிக்கிட்டா, அப்புறம் தினம் நாந்தானே பதில் சொல்லணும். தெளிவா எழுதுங்க டீச்சர். எங்க மாமா எட்டாவதுதான், அவரு படிச்சாலும் புரியற மாதிரி." தான் எழுதுவது எண் மட்டும்தான் என்று நவமணி மறுபடி சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். தலையை ஆட்டினாள். பெண் குதித்து இறங்கி, பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு தடவை பார்த்தது போதுமா என்பதுபோல மைக்ராஸ்கோப்பைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வெளியே போனாள்.

கதவு சரியாகச் சாத்தவில்லை. அம்மா எழுந்திரு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பெண் எழுப்புவது கேட்டது. பிறகு அமைதியாக, பாடம் ஒப்பிக்கிற மாதிரியும் இல்லாமல் அழுகிற மாதிரியும் இல்லாமல், உள்ளே பார்த்ததைச் சொன்னாள், எனக்கு ஒண்ணு குறைச்சல், அது வராது, மாமாகிட்ட நீ சொல்றியா நான் சொல்லட்டுமா என்று கேட்டாள். நவமணி பேனாவைக் கையில் பிடித்தபடி பூங்காவனத்தின் குரலுக்காகக் காத்திருந்தாள். உள்ளே வந்து தன்னைத் திட்டப் போகிறாள், யாரைக் கேட்டுக் காட்டினாய் என்று கேட்கப் போகிறாள். "பந்தலு போட்டு நாலூருக்குச் சோறாக்கிப் போட்டனேடி" என்றது அந்தக் குரல், திட்டவில்லை, தன்னையே கேட்டுக்கொள்கிற மாதிரி. "தின்ன சோத்த யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்கம்மா. வா." செருப்பு தேடுகிற சத்தம், படி இறங்குகிற சத்தம், நடுவில் ஒருமுறை இரண்டு பேரும் நின்ற மாதிரி இருந்தது, பிறகு மறுபடி இறங்கினார்கள். நவமணி எட்டிப் பார்க்கவில்லை. எண்ணிக்கைத் தாளை இழுத்தாள். பதினேழாவது செல்லை இன்னும் அவள் எண்ணவேயில்லை, ஸ்லைடு அதே இடத்தில் இருந்தது, குனிந்தால் எண்ணிவிடலாம். குனியவில்லை. பதினேழுக்கு எதிரே 45 என்று எழுதினாள். எண்ணியவர் என்ற கட்டத்தில், மேலிருந்து கீழாகப் பதினாறு தடவை தன் முதலெழுத்து வந்திருந்த அந்த வரிசையில், அமுதவல்லி என்று முழுப்பெயராக எழுதினாள். திங்கள்கிழமை டாக்டர் இது யார் என்று கேட்பார். சொல்ல வேண்டும். ஸ்லைடை நகர்த்திப் பதினெட்டாவதைத் தேட ஆரம்பித்தாள்.